விதைப்பு முடிந்தால் மாடு எங்கே போகும்? ஒரு வன்னித் தரவையின் கதை

வன்னியில் மாடு வளர்க்கிறவரின் தலைவலி இதுதான்: புல் இருக்கும்போது இடம் இருக்காது, இடம் இருக்கும்போது புல் இருக்காது. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரைக்கும் எங்கு பார்த்தாலும் பச்சை. ஆனால் அதே மாதங்களில்தான் மாரிமழையோடு விதைக்கிற காலபோக நெல் வயலில் நிற்கும், மாடு ஒரு வாய் வைத்தால் கதை பொலிஸ் வரைக்கும் போகும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து வயல் திறந்தால் அரிதாளும் வரப்புப் புல்லும் தீரும்வரை மாட்டுக்குக் கொண்டாட்டம், அப்புறம் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் ஆவணி வரைக்கும் தரை வெடித்துக் கிடக்கும். இந்த இரண்டு முடக்கையும் கடக்கத்தான் ஊருக்கு ஊர் தரவை, அதாவது பொது மேய்ச்சல் வெளி, வைத்திருந்தார்கள்.

இது முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒரு சின்னக் குளத்துக்கு மேலே கிடக்கிற அப்படியொரு மேட்டுநிலத் தரவைக்கு என்ன நடந்தது என்பது பற்றிய பதிவு. ஊர்ப் பெயர் வேண்டாம். சண்டை பிடித்த இரண்டு பக்கமும் இன்றைக்கும் ஒரே ஐயனாருக்குப் பொங்குகிற சனம். நான் அந்தப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளோடு வேலை செய்தவன், கூட்டக் குறிப்புகளில் பலதை என் கையாலேயே எழுதினேன். மாட்டுக்காரர் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மேட்டுநிலத் தரவை என்றதும் மலைச்சரிவை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் ஏறாத நிலம் எல்லாம் மேட்டுநிலம்தான், ஆளுயரம் ஏறினாலே மேடு. கீழே வயல், அதற்கு மேலே குளக்கட்டு, பிறகு குளம். குளத்தின் பின்பக்கம் நீர் ஏறி இறங்குகிற விளிம்புதான் அலைகரை. அலைகரை முடிகிற இடத்தில் நிலம் மெல்ல உயர்ந்து ஒரு வெளி விரியும், அதற்கப்பால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு. அந்த வெளிதான் தரவை. உள்ளே இரண்டு மோட்டை, மழைக்காலத்தில் நிரம்பினால் மாசி வரைக்கும் தண்ணீர் இருக்கும்.

முன்பு எப்படி ஓடியது

ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில் காலபோகக் கூட்டம் கூடும். விதைப்புத் தொடங்கும் நாள், குளத்து மதகான துருசு திறக்கும் நாள் எல்லாம் தீர்மானிக்கிற அதே கூட்டத்தில் மாடு அகற்ற வேண்டிய கடைசித் திகதியும் தீர்மானமாகும். அந்தத் திகதிக்குள் பட்டிகள், அதாவது மாட்டு மந்தைகள், எல்லாம் குளக்கட்டின் ஒரு பக்கத்தால் ஏறி, அலைகரையைச் சுற்றித் தரவைக்குப் போய்விடும். மாட்டுக்காரர் அங்கேயே கொட்டில் போட்டுத் தங்குவார்கள். மாசி, பங்குனியில் வெட்டு, அதாவது அறுவடை, முடிந்ததும் பட்டி கீழே இறங்கும். இறங்கின பிறகு ஒரு வாரம் ஒருவருடைய வயலில், அடுத்த வாரம் இன்னொருவருடைய வயலில் இரவுக்கு அடைப்பார்கள். சாணமும் சலமும் வயலுக்கு, நெல்லோ காசோ பட்டிக்காரருக்கு. கோடை முற்றிக் குளம் வற்ற வற்ற அலைகரையில் புது அறுகு முளைக்கும், மாடு தண்ணீரைத் துரத்திக்கொண்டு மேய்ந்தபடியே உள்ளே இறங்கும். ஆக மழைக்குத் தரவை, வெட்டுக்குப் பிறகு வயல், கோடைக்கு அலைகரை. ஒரு மாடு வருடத்தில் மூன்று வகை நிலத்தில் வாழ்ந்தது, மூன்றில் ஒன்றும் மாட்டுக்காரருக்குச் சொந்தமில்லை.

மந்தையை இரவில் அடைக்கிற இடத்துக்கும் பட்டி என்றுதான் பெயர்: முள்ளு வெட்டி வட்டமாக அடைத்த ஒரு வெளி, ஒரு பக்கத்தில் குறுக்குத்தடி போட்ட கடப்பு. பொழுது சாயும்போது கடப்புத்தடிகளை இழுத்துப் போட்டுவிட்டு ஒருவர் பக்கத்தில் நிற்பார். முதலில் வருவது எப்போதும் ஒரே பசுவாகத்தான் இருக்கும், கழுத்தில் மணி, ஒரு கொம்பு கொஞ்சம் மழுங்கி, அவசரமே இல்லாமல் வரும். அதன் பின்னால் கன்றுத்தாய்ச்சிகள், பிறகு நாகுகள், கடைசியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நாம்பன்கள். நிற்கிறவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார், எண்ணிக்கை குறைந்தால் எது வரவில்லை என்று உடனே சொல்வார், ஏனென்றால் அவர் எண்ணுவது தலைகளை மட்டுமல்ல, முகங்களையும்தான். எல்லாம் உள்ளே வந்ததும் காய்ந்த சாணமும் பச்சை இலையும் போட்டு மூட்டம் வைப்பார்கள், நுளம்புக்கு. மாடுகள் தாங்களாகவே புகை வருகிற பக்கம் போய்ப் படுக்கும்.

அங்கே எழுபது வயது தாண்டிய ஒரு பட்டிக்காரர் சொன்னதுதான் இந்த முழு விஷயத்துக்கும் திறப்பு என்று நினைக்கிறேன். "தம்பி, மாட்டை நாங்கள் கொண்டு போறதில்லை. முன்னுக்குப் போற பசு கொண்டு போகும். அதுக்கு அதின்ர தாய் காட்டினது. நாங்கள் பின்னால போய் எண்ணுறதுதான்." எந்த மோட்டையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போகக்கூடாது, எங்கே திரும்ப வேண்டும் எல்லாம் மாட்டின் தலையில் இருந்தது. தரவைக்கு வேலி கிடையாது, வரைபடம் கிடையாது, எல்லை என்பது மாடு திரும்புகிற இடம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுப் பொற்காலம் என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். நூறு மாடு வைத்திருந்தவருக்கும் மூன்று மாடு வைத்திருந்தவருக்கும் அந்தத் தரவை ஒன்றுதான், ஆனால் கூட்டத்தில் நூறு மாட்டுக்காரரின் குரல்தான் கேட்டது. மாடே இல்லாதவரை ஒருவரும் கேட்கவில்லை. பட்டியோடு காட்டில் கிடந்த பையன்கள் பலர் பள்ளிக்கூடம் போகவில்லை. சிறுத்தை கன்று பிடித்தால் சம்பளத்தில் வெட்டின முதலாளிகளும் இருந்தார்கள்.

அறுந்த இடம்

2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இறுதிப் போரில் சனம் இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போனபோது மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் போனார்கள். கட்டி வைத்துவிட்டுப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. திரும்பி வந்தபோது பட்டிகள் இல்லை. கொஞ்ச மாடு காட்டுக்குள் குழுவனாக, அதாவது காட்டு மாடாகத் திரிந்தது, ஆளைக் கண்டால் ஓடியது. பிடித்தவற்றில் குறி தெரிந்தவற்றுக்குச் சொந்தக்காரர் வந்தார்கள், குறி இல்லாமல் காட்டில் பிறந்த கன்றுகளுக்கு வழக்குத்தான் வந்தது. குறிசுட்ட தழும்புதான் அப்போது ஒரே சான்று. மாட்டுச் சீட்டு, விதானையாரின் பதிவு எல்லாம் வீட்டோடு போய்விட்டன.

தரவையும் அதே தரவையாக இல்லை. மாட்டு வாய் படாத சில மழைக்காலத்துக்குள் சூரையும் காரையும் ஈச்சையும் ஏறிப் பற்றையாகிவிட்டது. திறந்த தரையில் முட்டையிடுகிற ஆட்காட்டிக் குருவி அலைகரைக்கு இறங்கிவிட்டதைப் பெரியவர்கள் கவனித்திருக்கிறார்கள். வெளியாகக் கிடப்பதைக் காடு என்று சும்மா விட்டால் இயற்கை திரும்பிவிடும் என்று நகரத்தில் இருந்து பேசுகிறவர்களுக்கு இது புரிவதில்லை, அந்த வெளியை உண்டாக்கி வைத்திருந்ததே மாடுதான். பாதையோரங்களில் பார்த்தீனியம் என்கிற களை வேறு. வவுனியாப் பக்கம் அது முதலில் தலைகாட்டியதும் இந்திய அமைதிப்படை வந்ததோடு அதைச் சேர்த்துப் பேசுவதும் பழைய கதை, இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மாடு அதைக் கடித்தால் பால் கசக்கும்.

அந்த வெளிக்கு இப்போது மூன்று பேர் உரிமை கேட்டார்கள். காட்டைப் பார்க்கிற திணைக்களம் ஒரு பக்கத்தில் எல்லைக்கல் நாட்டியது, அதன் கண்ணுக்குப் பற்றை ஏறின தரவையும் காடும் ஒன்றுதான். காணி இல்லாத இளம் குடும்பங்களுக்கு இன்னொரு பக்கத்தைத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். இதை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு வளவுக்குள் மூன்று குடும்பம் இருந்த ஊர் அது. மூன்றாவதுதான் மோசம். கைவசம் உழவு இயந்திரம் வைத்திருந்த சிலர் கோடையில் அலைகரையை உழுது நெல் போட்டார்கள். குளம் நிரம்பினால் பயிர் தாழும் என்று தெரியும், தாழாத வருடங்களில் கிடைக்கிற வருமானத்துக்காகத் துணிந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அது "எங்கட வயல்" ஆகிவிட்டது. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 இல் வீதியில் இருந்து போராடத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும், அங்கே வெளியில் இருந்து வந்து உழுகிறார்கள் என்பது பிரச்சினை. இங்கே உழுதவர் பக்கத்து வீட்டுக்காரர். அதனாலேயே இது பத்திரிகைக்கு வரவில்லை.

இதைவிட ஆழமான அடி மாட்டில்தான் விழுந்திருந்தது. வாழ்வாதார உதவியாக வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று பசுக்கள் வந்தன, சில ஜேர்சிக் கலப்பு. ஒரு நாட்டு மாடு ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் தருகிற இடத்தில் இது கூடத் தரும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பசுவுக்குத் தரவை தெரியாது. மோட்டை தெரியாது. அதைக் கூட்டிப் போக முன்னால் நடக்கிற ஒரு கிழட்டுப் பசு இல்லை. கொட்டிலில் இருந்து அவிழ்த்துவிட்டால் அது தெருவுக்கு வரும், தெருவில் இருந்து வயலுக்கு இறங்கும்.

இங்கிலாந்தின் வடக்கில் கும்ப்ரியா மலைப்பகுதியில் வேலியில்லாத பொதுமேட்டில் செம்மறி மேய்க்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு வழக்கம் உண்டு. தாயோடு போய்ப் பழகின ஆடு தன் பங்கு மேட்டைவிட்டு அதிகம் விலகாது, அந்தப் பழக்கம்தான் அங்கே வேலி. 2001 இல் கால்-வாய் நோய் (கோமாரி) பரவி, அதைத் தடுக்கப் பிரித்தானியாவில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றபோது, மந்தை முழுதாகப் போன இடங்களில் புது ஆடுகளுக்கு மேட்டைப் பழக்க வருடக்கணக்காக ஆள் போட வேண்டியிருந்தது. ஆடு வாங்க இழப்பீடு கிடைத்தது. ஆட்டின் ஞாபகத்தை எந்தச் சந்தையில் வாங்குவது?

எங்கள் ஊரில் இதை யாரும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை. நெல்லுக்காரர் கண்ணுக்கு மாட்டுக்காரர் பொறுப்பில்லாதவர், மாட்டுக்காரர் கண்ணுக்கு நெல்லுக்காரர் அகம்பாவி. வருடா வருடம் கூட்டத்தில் ஒரே உரையாடல்.

"உங்கட மாட்டைக் கட்டுங்கோ."

"எங்க கட்டுறது? இடத்தைக் காட்டுங்கோ, கட்டுறம்."

காலையில் வாலில்லாமல், முதுகில் கத்தி வெட்டோடு மாடு வீட்டுக்கு வரும். மற்றப் பக்கத்தில் குடலைப் பருவத்து நெல் அரை ஏக்கர் உழக்கிக் கிடக்கும், அந்தக் குடும்பம் நகை அடைவு வைத்துத்தான் உழுதிருக்கும். கட்டாக்காலி என்று பிடித்து அடைத்தால் தண்டப்பணம், மாட்டை எடுக்கக் கடன். 1876 ஆம் ஆண்டே மாடு அத்துமீறினால் என்ன செய்வது என்று கட்டளைச் சட்டம் போட்டாயிற்று, ஆக மாடு எங்கே போகக்கூடாது என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டம் இருக்கிறது.

எங்கே போகலாம் என்பதற்கு? 1840 ஆம் ஆண்டுச் சட்டம் காடு, தரிசு, பயிர் செய்யாத, ஆள் குடியிராத நிலமெல்லாம் முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டது. தரவை அந்த வலைக்குள் முழுதாக விழுந்தது, மேய்வது பயிர் செய்வதில் சேராதே. ஆனால் 1935 இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், அரச காணியை என்னென்ன தேவைக்கு ஒதுக்கி வரையலாம் என்று சொல்லுகிற 8 ஆம் பிரிவில், கிராம விரிவாக்கம், கிராமக் காடு என்பவற்றுக்கு அடுத்ததாகக் கிராம மேய்ச்சல் நிலம் என்று தெளிவாகவே இருக்கிறது. வாசித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சட்டத்தில் இடம் இருந்திருக்கிறது. மாடு ஒழுங்காகப் போய் வந்த காலத்தில் அதை எழுதி வைக்க ஒருவருக்கும் தேவை வரவில்லை, மாடு போன பிறகு எழுதிக் கேட்க மாட்டுக்காரரிடம் ஒரு சங்கமும் இல்லை.

பொதுநிலம் என்றால் ஆளுக்காள் அழித்துத்தான் முடிப்பார்கள், பிரித்துக் கொடுப்பதே புத்தி என்று ஒரு அதிகாரி கூட்டத்தில் சொன்னார். 1968 இல் காரட் ஹார்டின் எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலத்தை உதாரணம் காட்டி எழுதின வாதம் அது, அவர் கற்பனை செய்த நிலத்தில் கூட்டமும் இல்லை, திகதியும் இல்லை, ஐயனாரும் இல்லை. பொதுவளத்தை ஊரே விதி வைத்துக் காக்கும் என்று காட்டின எலினோர் ஒஸ்ட்ரத்துக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது 2009 இல். அந்த வருடம் நாங்கள் செய்தி கேட்கிற நிலையில் இருக்கவில்லை.

எரு தேடி வந்த வருடம்

திருப்பம் ஒரு பயிற்சிப் பட்டறையாலும் வரவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. காலபோகத்துக்கு என்ன போடுவது என்று தெரியாமல் நின்றபோது, அதுவரை மாட்டைக் கண்டால் கல்லெடுத்தவர்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு பட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றார்கள். எருவுக்கு. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் விதைப்புக் காலம் போய்விட்டது, அடுத்த வருடம் உரம் வந்தாலும் விலை தொட முடியவில்லை. பால்மாவுக்கு வரிசையில் நின்ற வருடமும் அதுதான், உள்ளூர்ப் பாலுக்கு மதிப்பு ஏறியது. மாட்டுக்காரருக்கு முதல்முறையாகப் பேரம் பேச ஒரு பொருள் கையில் இருந்தது.

முன்னுக்குப் போற பசுவைப் பற்றிச் சொன்ன அந்தப் பெரியவர் கெட்டிக்காரர். எரு தரலாம் என்றார். ஆனால் அள்ளிக்கொண்டு போக விடமாட்டோம், பழையபடி வெட்டுக்குப் பிறகு பட்டியை உங்கள் வயலில் அடைக்கிறோம், அதற்கு மாடு மழைக்காலத்தில் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத் தரவையும் பாதையும் வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு எல்லை பார்க்க நடந்தோம். கடதாசி ஒன்றும் உதவவில்லை, ஆளுக்கொரு பாலை மரத்தைக் காட்டினார்கள். கடைசியில் வழியை மழைதான் காட்டியது. பல தலைமுறை மாடு மிதித்து இறுகின பாதை பக்கத்துத் தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும், மேலே பற்றை மூடினால் கண்ணுக்குத் தெரியாது. முதல் பெருமழைக்கு அடுத்த காலையில் பற்றைக்குள் தண்ணீர் ஒரு கோடாகத் தேங்கி நின்றது, அலைகரையில் இருந்து முதல் மோட்டை வரைக்கும். இளையவர்கள் நம்பாமல் கத்தியோடு உள்ளே போய் வெட்டிப் பார்த்தார்கள், அடியில் புல் முளைக்காத கடினத் தரை.

தீர்மானித்தவை இவை. பாதை இரண்டு மாட்டுவண்டில் எதிரெதிரே போகிற அகலத்துக்குத் திறக்கும், புதுக்காணிக்காரர் தங்கள் வேலியைப் பாதைக்கு வெளியே பின்தள்ளிக் கிளுவை நடுவார்கள், அதற்குக் கூலி பட்டிக்காரருடையது. மோட்டைகளைச் சுற்றி யாரும் அடைக்கக்கூடாது. மாடு அகற்றும் திகதிக்குப் பிறகு வயலில் மாடு நின்றால் நட்டத்தை மாட்டுக்காரர் கட்டுவார், மாட்டை வெட்டினால் வெட்டினவர் அதன் விலையைக் கட்டுவார். வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிறவர்கள் முறை வைத்து ஒரு மேய்ப்பரை வைப்பார்கள், அவருக்குச் சம்பளம், அவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில். கடைசி நிபந்தனையைப் போட்டவர் கூட்டத்தில் இருந்த ஒரு பெண், கணவரைப் போரில் இழந்தவர், இரண்டு பசு வைத்திருக்கிறார். பழைய காலத்தில் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

இதையெல்லாம் தனி ஒப்பந்தமாக எழுதாமல் காலபோக ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானமாகவே எழுதினோம், இதுதான் மற்ற ஊர்க்காரர் எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி. 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறுகுளங்கள் கமநல சேவையின் பொறுப்பில் வரும். அங்கே முறையாகக் கூட்டின கூட்டத்தில் எடுக்கிற தீர்மானம் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழே எல்லாரையும் கட்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் செய்த சத்தியத்தைவிட இதற்குப் பல்லு உண்டு. ஆனால் ஒரு போகத்துக்குத்தான். ஒவ்வொரு புரட்டாதியிலும் திரும்ப எழுத வேண்டும், ஒரு வருடம் மறந்தால் போச்சு.

2022 புரட்டாதியில் முதல் தடவை எழுதினோம். கார்த்திகையில் பட்டி ஏறியது. டிசெம்பர் 9 ஆம் திகதி மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கு மேல் மாடு ஆடு செத்தன. எங்கள் தரவையிலும் காலையில் எழும்பாத மாடுகள் கிடந்தன, பெரும்பாலும் கன்றுகளும் மெலிந்த பசுக்களும். குளிர் தாங்காமல் என்றார் மிருக வைத்தியர். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள்: வீட்டில் நின்றிருந்தால் செத்திருக்காது, தரவைக்கு ஏற்றினதால்தான். முழுப் பொய்யும் இல்லை. பற்றையை மிக நன்றாக வெட்டி வெளியாக்கின பக்கத்தில்தான் இழப்பு அதிகம், காட்டோரத்தில் வீரை நிழலுக்குள் ஒதுங்கின மாடுகள் தப்பின. பழைய பட்டிகள் ஏன் வெளியின் நடுவில் இல்லாமல் காட்டோரத்திலேயே இருந்தன என்பது அப்போதுதான் இளையவர்களுக்கு விளங்கியது. அடுத்த வருடத் தீர்மானத்தில் பட்டி போடும் இடம் மாறியது, காற்றுப் பக்கம் பற்றையை வெட்டாமல் விடுவது என்றும் சேர்ந்தது.

இப்போதைய நிலை இது. பாதை திறந்திருக்கிறது. வெட்டுக்காய மாடு வருவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. ஜேர்சிக் கலப்பில் சில ஏறப் பழகிவிட்டன, சில வேண்டாம் என்று வீட்டிலேயே கட்டி கோ-3 புல் வெட்டிப் போடுகிறார்கள், அதுவும் சரிதான். அலைகரை நெல்லில் ஒன்றும் நடக்கவில்லை, உழுகிறவர்களில் ஒருவர் அமைப்பின் நிர்வாகத்திலேயே இருக்கிறார், அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை. கோடையில் மாடு குளத்துக்குள் இறங்க அந்த நெல்லுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு வழிதான் இருக்கிறது. எல்லைக்கல்லும் நட்ட இடத்திலேயே நிற்கிறது.

8 ஆம் பிரிவின்படி தரவையைக் கிராம மேய்ச்சல் நிலமாக வரைந்து தரக் கேட்டு ஒரு கடிதம் போயிருக்கிறது, மாட்டுக்காரரும் நெல்லுக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. அளந்து தந்த பிறகுதான் பேசலாம் என்று பதில், அளக்க நில அளவையாளர் வர வேண்டும், அவர் வர எல்லைக்கல் நாட்டின திணைக்களத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காகப் போகிறவர்களில் அந்த இரண்டு பசுக்காரப் பெண்ணும் ஒருவர், கோப்பு அவருடைய கையில்தான் இருக்கிறது.